காதால் பார்ப்பவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

என் அம்மாவுக்கு 78 வயது. மாலை ஆறரை மணிக்கு டிவியைப் போட்டால் பத்தரைக்குத்தான் அணைப்பார். பாதி நேரம் திரையைப் பார்ப்பதுகூட இல்லை. கீரை ஆய்வார், பூ கட்டுவார், என் பெண்ணின் யூனிஃபார்முக்குப் பட்டன் தைப்பார். ஆனால் நடுவில் நான் சேனலை மாற்றிவிட்டால் போதும், "ஏய், அவ கர்ப்பமா இருக்கறத இப்பதான்டி சொல்லப் போறா" என்று சத்தம் வரும். அந்தப் பெண் மூன்று வாரமாகச் சொல்லப் போகிறாள்.

நீங்கள் ஒரு காலத்தில் சீரியலுக்கு வசனம் எழுதியதாக ஏதோ ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். இந்த இழுவையை முதலில் யார் கண்டுபிடித்தது? தினமும் ஒரு குடும்பத்தை உடைத்துக் காட்டும் இந்தத் தயாரிப்பாளர்களுக்குச் சொந்தமாகக் குடும்பம் என்று ஒன்று உண்டா? தாங்கள் எடுப்பதைத் தாங்களே உட்கார்ந்து பார்ப்பார்களா? கோபத்தில் கேட்கிறேன் என்று நினைத்தால் அது சரிதான். ஆனால் பதிலும் வேண்டும்.

கே.எஸ்.,
தஞ்சாவூர்

அன்புள்ள கே.எஸ்.,

இரண்டு வருடம் எழுதினேன். வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீடு. காலை ஏழு மணிக்கு யூனிட் வந்துவிடும், ஆறரைக்கு நான் சீன் பேப்பரோடு வாசலில் நிற்க வேண்டும். மூத்த மருமகளாக நடித்தவர் ஒரு மாதம் கால்ஷீட் தர மாட்டேன் என்று சொன்ன அன்று, மாடிப்படியில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் அவரைத் திருப்பதிக்கு அனுப்பினேன். அவர் திரும்பி வருவதற்குள் எனக்கு மூன்று மாத சம்பள பாக்கியோடு வேலை போய்விட்டது. ஆகவே தயாரிப்பாளர்களைப் பற்றி நல்லவிதமாகப் பேச எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம்மூர்க்காரர்களைப் பற்றி நான் எழுதினால் அது வம்பாகத்தான் போகும். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வேறொருவர் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. இழுவையைக் கண்டுபிடித்தவர் என்று ஒரே ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன். சிகாகோவைச் சேர்ந்த இர்னா பிலிப்ஸ்.

1901இல் பிறந்தவர். பத்துக் குழந்தைகளில் கடைசி. ஜெர்மன் யூதக் குடும்பம், சிறிய மளிகைக்கடை. எட்டு வயதில் அப்பா இறந்துவிட்டார். நோஞ்சான், பேசாத பிள்ளை, அக்காக்களின் பழைய துணியைப் போட்டுக்கொண்டு வளர்ந்தவர். பத்தொன்பது வயதில் ஒரு டாக்டரைக் காதலித்துக் கருவுற்றார். அந்த ஆள் கைவிட்டுவிட்டான். குழந்தை இறந்தே பிறந்தது. இனிமேல் குழந்தை பிறக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். கடைசிவரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

உங்கள் அம்மாவிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டினால் "இது எந்த சேனல்?" என்று கேட்பார்.

படித்து முடித்து ஒஹாயோ மாநிலத்தில் டேடன் என்ற ஊரில் ஆசிரியையாக இருந்தார். நடிப்பில் ஆசை. விடுமுறையில் சிகாகோ வந்தபோது டபிள்யூஜிஎன் வானொலி நிலையத்தில் சின்னச் சின்ன வேலை கிடைத்தது. 1930 அக்டோபரில் அந்த நிலையம் அவரிடம் பெண்களுக்காக ஒரு தினசரித் தொடர் எழுதச் சொன்னது. பெயின்டட் ட்ரீம்ஸ். பகல் நேர வானொலித் தொடர்களில் முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதைத்தான். ஒரு விதவைத் தாய், அவளுடைய வளர்ந்த பெண், வீட்டில் குடியிருக்கும் ஒரு வாடகைக்காரப் பெண். எழுதியதும் இர்னா, அந்தத் தாயாகப் பேசி நடித்ததும் இர்னா. தன் அம்மாவை அப்படியே எடுத்து மைக் முன்னால் வைத்தார்.

அப்போது அவருக்கு வந்த யோசனையில்தான் நம்முடைய முழுத் தொழிலும் இருக்கிறது. பகலில் வானொலி கேட்பவள் சும்மா உட்கார்ந்து கேட்பதில்லை. துணி துவைப்பாள், தரை துடைப்பாள், குழந்தைக்குச் சோறு ஊட்டுவாள். நடுவில் பால் பொங்கும், கதவு தட்டப்படும். ஐந்து நிமிடம் காது வேறு பக்கம் போய்த் திரும்பும்போது கதை அவளை விட்டுவிட்டு ஓடியிருக்கக் கூடாது. இரண்டு நாள் தவறினாலும் மூன்றாம் நாள் வந்து சேர்ந்துகொள்ள முடிய வேண்டும். அதனால் கதை மெல்ல நடக்க வேண்டும். நடந்ததை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும், அவர் அதைக் கேட்டு அதிர வேண்டும், பிறகு அவர் போய் மூன்றாவது ஆளிடம் சொல்ல வேண்டும்.

கவனித்துப் பாருங்கள், நம் சீரியல்களிலும் சம்பவம் ஒன்றுதான் இருக்கும். அதைச் சொல்வது ஆறு காட்சி. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த எபிசோட் டைரக்டர் சொன்ன முதல் பாடமே இதுதான்: "அடுப்படியில இருக்கற அம்மாவுக்குக் கேக்கணும் சார். அவங்க பாக்கல. அதனால 'இதோ பார்'னு எழுதாதீங்க, என்ன இருக்குன்னு எழுதுங்க." அவருக்கு இர்னா பிலிப்ஸ் யாரென்று தெரியாது. உங்கள் அம்மா கீரை ஆய்ந்தபடியே கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்ததும்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

சரி, பெயின்டட் ட்ரீம்ஸுக்கு வருவோம். தொடர் பிடித்துப்போனது. பெரிய நெட்வொர்க்குக்கு விற்கலாம் என்றார் இர்னா. நிலையம் சம்மதிக்கவில்லை. 1932இல் வெளியேறி, கதை என்னுடையது என்று வழக்குப் போட்டார். நீ எங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள், அந்தச் சம்பளத்துக்கு எழுதியது எங்களுக்குச் சொந்தம் என்றது நிலையம். வழக்கு பல வருடம் இழுத்தது. தோற்றார்.

தீர்ப்புக்கு அவர் காத்திருக்கவில்லை. வெளியேறிய கையோடு அதே தாயை வேறு பெயரில் வேறு வீட்டில் குடிவைத்து டுடேஸ் சில்ட்ரன் என்று என்பிசி நெட்வொர்க்கில் ஆரம்பித்துவிட்டார். ஆனால் இந்த முறை தொடர் அவருடைய சொத்து. எழுத்தாளரையும் நடிகர்களையும் அவரே வைத்துக்கொண்டு, தயாரான சரக்காக விளம்பரக் கம்பெனிக்குக் கொடுப்பார். நீங்கள் கேட்ட "தயாரிப்பாளர்" பிறந்தது இந்த இடத்தில்தான். நம்மூரில் பல காலம் இருந்த ஸ்லாட் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்டி அரைமணி நேரத்தை வாங்குவார், அதற்குள் வரும் விளம்பர நிமிடங்களைத் தானே விற்றுப் போட்ட காசை எடுப்பார். ஆட்களும் வேறு, முறையும் வேறு, ஆனால் அடிப்படைப் பயம் ஒன்றுதான். கதை யாருடையது என்று பத்திரத்தில் எழுதாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

பணம் போட்டவர்கள் யார் என்பதுதான் "சோப் ஆபரா" என்ற பெயருக்கே காரணம். பிராக்டர் அண்ட் கேம்பிள், கோல்கேட், லீவர் மாதிரியான சோப்புக் கம்பெனிகள். பகலில் வீட்டில் இருப்பவள்தான் சோப்பு வாங்குபவள், அவளிடம் தினம் ஒருமுறை பேச ஒரு சாக்கு வேண்டும். அதே காலத்தில் ஃபிராங்க் ஹம்மர்ட், ஆன் ஹம்மர்ட் என்று ஒரு தம்பதி இதையே தொழிற்சாலையாக நடத்தினார்கள். கதைச் சுருக்கத்தை அவர்கள் சொல்வார்கள், சம்பளத்துக்கு இருக்கும் வசனகர்த்தாக்கள் நிரப்புவார்கள். நான் வேலை பார்த்தது ஹம்மர்ட் ரகத் தொழிற்சாலையில்தான் என்று பிற்பாடு படித்தபோது புரிந்தது.

இர்னா வேறு ரகம். அவர் கையால் எழுதவே மாட்டார். அறையில் நடந்துகொண்டே எல்லாப் பாத்திரங்களையும் குரல் மாற்றிப் பேசுவார். தாய் பேசும்போது தாய், டாக்டர் பேசும்போது டாக்டர், அழ வேண்டிய இடத்தில் அழுகை. ரோஸ் கூப்பர்மன் என்ற செயலாளர் அதைக் கேட்டபடியே டைப் அடிப்பார். திருத்தம் கிடையாது. 1940களின் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் ஐந்து தொடர்கள் ஓடின. வருடத்துக்கு இருபது லட்சம் வார்த்தைகள் என்று கணக்குப் போட்டார்கள். வருமானம் வருடத்துக்குச் சுமார் 2,50,000 டாலர். அமெரிக்காவில் அன்றைக்கு ஒரு சாதாரண குமாஸ்தா வருடம் முழுக்க உழைத்து இரண்டாயிரத்தை எட்டினால் பெரிது.

இவ்வளவு வார்த்தைக்கும் சரக்கு எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்து. டுடேஸ் சில்ட்ரனின் தாய் அவருடைய அம்மா என்றேன் இல்லையா? அம்மா இறந்ததும், நல்ல ரேட்டிங்கில் ஓடிக்கொண்டிருந்த அந்தத் தொடரை நிறுத்திவிட்டார். மாவுக் கம்பெனிதான் ஸ்பான்சர், அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். நம்மூரில் நடிகர் இறந்தால்கூட "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு கார்டு போட்டு மறுநாளே ஓட்டிவிடுவோம். இங்கே நிஜத்தில் செத்தவருக்காகக் கதை செத்தது. பின்னால் அதே பெயரில் மறுபடி தொடங்கினார் என்பது வேறு விஷயம்.

குழந்தை இறந்த நாட்களில் வானொலியில் ஒரு பாதிரியாரின் பேச்சைக் கேட்டுத்தான் அவர் தேறினார் என்பார்கள். 1937 ஜனவரியில் தொடங்கிய தி கைடிங் லைட் ஒரு பாதிரியாரின் கதை. துயரப்படுகிறவர்கள் பார்ப்பதற்காக ஜன்னலில் விளக்கேற்றி வைத்திருப்பார். அந்த விளக்கு எத்தனை வருடம் எரிந்தது தெரியுமா? வானொலியில் தொடங்கி, தொலைக்காட்சிக்கு மாறி, 2009 செப்டம்பர் வரை. 72 வருடம். இர்னா செத்து 35 வருடத்துக்கு மேல் ஆகியும் ஓடியது. உங்கள் அம்மாவைவிட அது ஆறு வயதுதான் சின்னது.

தொலைக்காட்சி வந்தபோது அவர் முதலில் தயங்கினார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1948 வாக்கில் பிராக்டர் அண்ட் கேம்பிளுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னதன் சாரம்: காதால் மட்டுமே தொடரக்கூடிய மாதிரி இதைச் செய்ய ஒரு வழி கிடைக்கும்வரை எனக்கு இதில் ஆர்வமில்லை. பயம் நியாயமானது. திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் அவள் வேலையை எப்போது செய்வாள்? வேலையை விட்டுவிட்டு அவள் உட்கார மாட்டாள். டிவியைத்தான் அணைப்பாள்.

1949 ஜனவரியில் சிகாகோவிலிருந்து தீஸ் ஆர் மை சில்ட்ரன் என்று தினம் பதினைந்து நிமிடத் தொடர் ஒன்றைச் செய்து பார்த்தார். நேரடி ஒளிபரப்பு. நடிகர்களுக்கு வசனம் மறந்துபோகாமல் இருக்கக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். அவர்கள் கண் எங்கே போகும்? எதிரில் நிற்கும் மகளைப் பார்த்துப் பேச வேண்டிய தாய் காமிராவுக்குப் பக்கத்தில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாத அளவில் கதை முடிந்தது. இன்றைக்கும் நம் ஷூட்டிங்கில் பிராம்ப்டிங் சத்தம் கேட்டுப் பேசும் நடிகர்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் கரும்பலகைதான் நினைவு வரும்.

பிறகு தன் சொந்தக் காசைப் போட்டு கைடிங் லைட்டுக்கு மாதிரி எபிசோட் எடுத்துக் காட்டினார். 1952 ஜூனில் அது தொலைக்காட்சிக்குப் போனது. நான்கு வருடம் வானொலியிலும் தொடர்ந்தது. ஒரே ஸ்கிரிப்ட், நடிகர்கள் தினமும் இரண்டு முறை பேசினார்கள்.

பெரிய சண்டை அதற்கப்புறம். கால் மணி நேரம் போதாது, அரை மணி வேண்டும் என்றார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் பெண்கள் தாங்க மாட்டார்கள் என்று பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி மறுத்தது. கேட்டுக் கேட்டுக் கடைசியில் வாங்கினார். 1956 ஏப்ரல் 2, ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ். நேரம் இரட்டிப்பானது. அதில் சம்பவத்தை இரட்டிப்பாக்கினாரா என்றால் இல்லை. மௌனத்தைத்தான் கூட்டினார். சமையலறை மேஜையில் இரண்டு பேர் காபி குடிப்பார்கள். முகத்துக்கு மிக அருகில் காமிரா. ஒருத்தி எதையோ சொல்ல நினைப்பாள், சொல்ல மாட்டாள். விளம்பரம். முதல் வருடம் பெரிதாக எடுபடவில்லை. ஆனால் 1958 முதல் இருபது வருடம் பகல் தொடர்களில் அதுதான் முதலிடம். உங்களுக்குக் கோபம் வரவழைக்கும் அந்த "மூன்று வாரம்" இந்தத் தொடரில் பிறந்ததுதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நம்மூரில் அந்த மெதுவில் கலந்துவிட்ட மூன்று முறை திரும்பும் தலை, இடிச்சத்தம், வெள்ளை மின்னல் இதற்கெல்லாம் இர்னா பொறுப்பில்லை. அவருடைய இழுவையில் ஆள் யோசிப்பது தெரியும். நம்முடையதில் எடிட்டர் நிமிடத்தை நிரப்புவது தெரியும். இருபத்திரண்டு நிமிடத்துக்குப் பதினெட்டு நிமிடச் சரக்கோடு இரவு பதினோரு மணிக்கு எடிட் சூட்டில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

காபி என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தத் தொடரின் தாய் நான்சி. நடித்தவர் ஹெலன் வாக்னர். ஆரம்ப நாட்களிலேயே இர்னா அவரை வேலையை விட்டு நீக்கினார். காரணம், அவர் காபி ஊற்றும் விதம் பிடிக்கவில்லை. பிறகு திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வருடத்துக்கு இருநூற்று ஐம்பது நாள் அந்தப் பெண்மணி காபி ஊற்றப் போகிறார் என்னும்போது, தினமும் தன் வீட்டில் காபி ஊற்றுகிறவள் அதைப் பார்க்கப் போகிறாள் என்னும்போது, ஊற்றுவது சரியாக இல்லாவிட்டால் எதுவும் சரியாக இருக்காது. ஹெலன் வாக்னர் அப்புறம் 2010இல் சாகும்வரை அந்தப் பாத்திரமாக இருந்தார். 54 வருடம்.

1963 நவம்பர் 22 மதியம் நான்சியும் மாமனாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தொடர் தொடங்கிச் சுமார் பத்து நிமிடம். திரை மறைந்து செய்திச் சிலைடு வருகிறது. டாலஸில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார் என்று செய்தி வாசிப்பவரான வால்டர் கிராங்கைட்டின் குரல் மட்டும். நேரடி ஒளிபரப்பு என்பதால் ஸ்டூடியோவுக்குள் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது. நாடே வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர்கள் தங்கள் குடும்பக் கவலையைத் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சொந்தக் குடும்பம் உண்டா?

நாற்பதைத் தாண்டிய பிறகு, கல்யாணம் ஆகாமலே, ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் தத்தெடுத்தார். 1940களில் தனியாக இருக்கும் பெண் இதைச் செய்வது சாதாரணமில்லை. நல்ல தாயாக இருந்தாரா? அதை வெளியிலிருந்து நான் எப்படிச் சொல்வது? ஆனால் அந்த மகள் வளர்ந்து 1970இல் ஏபிசி சேனலுக்கு எ வேர்ல்ட் அபார்ட் என்று ஒரு தொடர் உருவாக்கினார். அதன் நாயகி யார் என்று நினைக்கிறீர்கள்? கல்யாணம் செய்துகொள்ளாத, இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்த ஒரு சீரியல் எழுத்தாளர். ஒன்றேகால் வருடத்தில் நின்றுபோனது. தன் அம்மாவை மைக் முன்னால் வைத்தவரை, அவர் மகள் காமிரா முன்னால் வைத்தார்.

பழகுவதற்குக் கஷ்டமான ஆள்தான். எப்போதும் ஏதாவது நோய் என்று டாக்டரைத் தேடுவார். அவர் தொடர்களில் ஆஸ்பத்திரி ஓயாமல் வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஆள் தேர்வில் கை தவறாது. ஆக்னஸ் என்று கல்லூரி முடித்த ஒரு பெண். அவளுடைய அப்பாவுக்குச் சவ உடைகள் தைத்து விற்கும் வியாபாரம். மகள் அதில் உட்கார வேண்டும் என்று ஆசை. எழுத்தெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று ஒரு பெரிய ஆள் வாயால் சொன்னால் கேட்பாள் என்று இர்னாவிடம் அனுப்பிவைத்தார். இர்னா அவள் கொண்டுவந்த ஸ்கிரிப்டை எடுத்து, அவள் எதிரிலேயே சத்தமாக, எல்லாக் குரலிலும் படித்தார். அந்தப் பெண் அவமானத்தில் சுருங்கி உட்கார்ந்திருக்கிறாள். படித்து முடித்துத் தாளை வைத்துவிட்டு, என்னிடம் வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். அந்த ஆக்னஸ் நிக்சன்தான் பின்னால் ஒன் லைஃப் டு லிவ், ஆல் மை சில்ட்ரன் இரண்டையும் உருவாக்கியவர்.

இன்னொரு சீடர் வில்லியம் பெல். 1990களின் தொடக்கத்தில் கேபிள் வந்தபோது ஸ்டார் ப்ளஸ்ஸில் தி போல்ட் அண்ட் த பியூட்டிஃபுல் ஓடியது நினைவிருக்கிறதா? பிள்ளைகள் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்த வீடுகள் எனக்குத் தெரியும். மனைவியோடு சேர்ந்து அதை உருவாக்கியவர் பெல்தான். சிகாகோ அறையில் பேசிய குரல் இப்படி ஒரு வழியாக நம்முடைய வரவேற்பறைக்கும் வந்து சேர்ந்தது.

குடும்பத்தை உடைத்துக் காட்டினாரா என்று கேட்டீர்கள். உடைத்தார். 1964இல் அனதர் வேர்ல்ட் தொடங்கியபோது பாட் என்ற இளம்பெண் காதலனால் கருவுறுகிறாள். சட்டவிரோதமாகக் கலைக்கிறாள். இனிக் குழந்தையே பிறக்காது என்று நம்புகிறாள். கைவிட்ட அவனைச் சுட்டுக் கொல்கிறாள். அமெரிக்கப் பகல் தொடரில் கருக்கலைப்பு வந்தது அதுதான் முதல்முறை என்பார்கள். மேலே எழுதிய அவருடைய பத்தொன்பது வயதை மறுபடி ஒருமுறை பாருங்கள். நிஜத்தில் அந்த டாக்டரை யாரும் சுடவில்லை. 1967இல் இன்னொரு தொடரில் ஆசியக் கலப்புள்ள பெண்ணுக்கும் வெள்ளைக்காரனுக்கும் காதல் வைத்தார். அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் சேனல் பயந்து மாற்றச் சொன்னது. இர்னா வேலையை விட்டுவிட்டுப் போனார்.

கடைசியாக ஒரு பெண் உண்டு. 1972இல் திரும்ப வந்து ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸை எழுதியபோது கிம் என்று ஒருத்தியைக் கொண்டுவந்தார். யாருக்கும் கட்டுப்படாதவள். அக்காள் கணவன் டாக்டர் பாபோடு ஒரு இரவு, கருவுறுகிறாள். கிம் என்பது நானேதான் என்று இர்னா வெளிப்படையாகவே சொன்னார். அக்காளுக்குத் துரோகம் செய்தவளைப் பார்வையாளர்கள் மன்னிக்கத் தயாராக இல்லை. அவளைத் தண்டிக்க இர்னா தயாராக இல்லை. கடைசியில் கிம்மின் குழந்தையும் தங்கவில்லை. 1973இல் இர்னாவை, அவர் தொடங்கிய தொடரிலிருந்தே கம்பெனி நீக்கியது.

கிம்மை மட்டும் நீக்க முடியவில்லை. அந்த நடிகை, கேத்ரின் ஹேஸ், தொடர் முடியும்வரை இருந்தார். பின்னால் வந்த எழுத்தாளர்கள் கிம்மையும் பாபையும் கல்யாணம் செய்துவைத்து ஊருக்கே மூத்த தம்பதி ஆக்கிவிட்டார்கள். 2010 செப்டம்பர் 17, கடைசி எபிசோட். ஓய்வு பெறும் டாக்டர் பாப் அறையைக் காலி செய்துவிட்டு "குட் நைட்" என்று சொல்லிக் கிளம்புகிறார், மேஜையில் ஒரு பூகோள உருண்டை. 1956இல் நான்சி சொன்ன முதல் வசனம் "குட் மார்னிங், டியர்".

உங்கள் மூன்றாவது கேள்வி மிச்சமிருக்கிறது. தங்கள் சீரியலைத் தாங்களே பார்ப்பார்களா? எங்கள் தயாரிப்பாளர் பார்த்ததில்லை. வியாழக்கிழமை வரும் டிஆர்பி தாளைத்தான் பார்ப்பார். இர்னா தினமும் பார்த்தார். தொடர்கள் நியூயார்க்கில் நடந்தன, அவர் சிகாகோவை விட்டு நகர மறுத்தார். வீட்டு டிவியில் பார்த்துவிட்டு நியூயார்க் ஸ்டூடியோவுக்கு போன் போடுவார். அந்த நடிகை ஏன் அப்படி நின்றாள், அந்த வரியை யார் மாற்றியது என்று. அந்த போனுக்கு அங்கே எல்லோரும் பயந்தார்கள்.

வேலை போன அதே 1973ஆம் வருடம் டிசம்பரில் சிகாகோவில் இறந்துபோனார். இறந்ததை யாருக்கும் சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் அன்று ஆக்னஸ் நிக்சன் வாழ்த்துச் சொல்ல அவர் வீட்டுக்கு போன் செய்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

அன்புடன்,
உங்கள் பழைய வசனகர்த்தா